ஜூம் இல்லாத சிறு கேமராவும் பயணப் படங்களும்

சட்டைப்பையில் அடங்கும், 28 மி.மீ. அகலக் கோணமும் (35 மி.மீ. ஃபிலிம் கணக்கில்) ஏ.பி.எஸ்.-சி என்னும் பெரிய அளவுச் சென்சாரும் (ஒளியைப் படமாக்கும் சில்லு) கொண்ட ஜூம் இல்லாத கேமரா ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயணங்களில் பயன்படுத்தி வருகிறேன். படத்தரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. உடன் வருபவர்களை அவர்கள் கவனிக்காத நொடியில், ஆனால் எடுப்பாகத் தெரியும்படி படம் பிடிக்க இது எவ்வளவு உதவுகிறது என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் ஒரே ஒரு வசதி: ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே நிறுத்திவைக்கலாம். இயல்பான படங்கள் பெரும்பாலும் கெடுவது, கேமரா முகத்தைத் தேடித் தடுமாறும் அந்த அரை நொடியில்தான். அதற்குள் எதிரில் இருப்பவர் நம்மைப் பார்த்துவிடுவார். ஃபோகஸை 2 மீட்டரிலும் அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப்/8 என்ற சிறிய அளவிலும் வைத்துவிட்டால், ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து பின்னணி வரை எல்லாம் தெளிவாக விழும். லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு (28 என்பது ஃபிலிம் கணக்கு) 18 மி.மீ. என்ற குறைந்த அளவில் இருப்பதால் கிடைக்கும் சலுகை இது. அழுத்தினால் படம், அவ்வளவுதான்.

ஷட்டர் வேகத்தைக் கேமராவின் விருப்பத்துக்கு விடுவதில்லை. தானியங்கி முறையில் அது 1/60 நொடிக்கு இறங்கிவிடும். நடப்பவரின் கால் குழைந்துபோகும். 1/500 என்றால் காற்றில் பறக்கும் துப்பட்டாகூட அப்படியே நிற்கும். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, 6400 வரை ஏற அனுமதித்திருக்கிறேன். புள்ளிகள் கொஞ்சம் தெரியும். தெரியட்டும், குழைந்த முகத்தைவிட அது மேல்.

என் அக்கா கேமராவைக் கண்டதும் தோளை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து நிற்பவள். 'இயல்பாக இரு' என்று சொன்னால் இன்னும் விறைப்பாள். அதனால் நான் சொல்வதேயில்லை. நல்ல வெளிச்சமும் வெறுமையான சுவரும் உள்ள இடத்துக்கு நாலடி முன்னால் போய்விடுவேன். அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டோ வழிப்பலகையைப் படித்துக்கொண்டோ வந்து சேருவாள். கைக்கு வேலை இருக்கும்போது முகம் தன்னை மறந்துவிடுகிறது. கேமராவை இடுப்பு உயரத்தில் நேராகப் பிடித்தால் உடல் அளவு கெடாது. கண் உயரத்திலிருந்து கீழே சாய்த்தால் கால்கள் குட்டையாகிவிடும். அகலக் கோணம் ஓரத்தில் வருவதை இழுத்துவிடும் என்பதால் முகம் சட்டகத்தின் நடுப்பகுதியிலேயே இருக்க வேண்டும். உடையைப் பொறுத்தவரை, ஒரே நிறத்தில் இருப்பதுதான் படத்தில் எடுக்கிறது. நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டைகள் சென்சாரில் நெளிநெளியாக அலையடிக்கும்.

முன்பின் தெரியாதவர்களை எடுத்தால் படத்தைக் காட்டிவிடுவேன். வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடுவேன். குழந்தைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுப்பதில்லை.

அந்தி சாய்ந்ததும் இந்த முறையின் கை கட்டப்பட்டுவிடுகிறது. வெளிச்சம் போதாமல் ஒளித்துளையை எஃப்/2.8க்கு அகலத் திறந்தால் 2 மீட்டர் ஃபோகஸில் தெளிவாக விழுவது சுமார் 1.5 முதல் 3 மீட்டர் வரை மட்டுமே. அசையாமல் நிற்பவர்களை இரவில் எடுக்கக் கைபேசியே தேவலை. அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கித் தருகிறது. பேட்டரி அரை நாளில் கையை விரித்துவிடும், மாற்றுப் பேட்டரி இல்லாமல் கிளம்பவே முடியாது. தொலைவில் இருப்பதை அருகில் கொண்டுவர விரும்புபவர்கள் இந்த வகைக் கேமராவின் பக்கமே போக வேண்டாம்.

பெரிய தலைவலி தூசி. உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ் தூசியையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. வானத்தில் கரும்புள்ளியாக அது நிற்கும். பழுதுபார்க்கும் இடத்தில் பிரித்துத்தான் சுத்தம் செய்தார்கள், செலவு சிறியதில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வாரம் முன்பே தூசி தெளிவாகத் தெரியும் எஃப்/16இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.