இலவச ‘கால் இரத்த ஓட்ட ஸ்கேன்’ முகாம்: சீனி வருத்தம் உள்ளவர்களின் வீட்டார் கவனத்துக்கு

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டவுனில் மண்டபம் வாடகைக்கு எடுத்து, ‘சீனி வருத்தக்காரருக்கு இலவச கால் இரத்த ஓட்ட ஸ்கேன்’ என்று நோட்டீஸ் அடித்து ஒரு கூட்டம் மலையகத்தில் சுற்றுகிறது. அவர்கள் எடுப்பது இரத்த ஓட்ட ஸ்கேன் இல்லை. காலின் மேல் தோலில் இருக்கும் சூட்டைப் படம் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் படத்தைக் காட்டிப் பயமுறுத்திச் சாமான் விற்கிறார்கள். எங்கள் பெரியப்பாவிடம் 48,500 ரூபா வாங்கிவிட்டார்கள். காசோடு போயிருந்தால் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பெரியப்பா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஈபிஎஃப் காசு வந்த கதை தோட்டம் முழுக்கத் தெரியும். சீனி வந்து பல வருடம் ஆகிறது. கிளினிக் கொப்பியை பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருப்பார், கிளினிக் நாளைத் தவறவிடவும் மாட்டார். அப்படிப்பட்டவரே ஏமாந்தார் என்பதால்தான் சொல்கிறேன், இது படிக்காதவர்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. நோட்டீஸ் லயத்துக்கு லயம் வந்தது. தலைவரும் நல்லெண்ணத்தில் நாலு பேரிடம் போகச் சொல்லியிருக்கிறார். ஓசியில் கால் பார்க்கிறார்கள் என்றால் யார்தான் போக மாட்டார்கள்?

முதல் தடவை பெரியம்மா கூடப் போனார். மழை நேரம். பஸ்ஸில் இறங்கி, நனைந்த செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு வரிசையில் நின்றிருக்கிறார்கள். முறை வந்ததும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பிள்ளை, போனில் மாட்டிய சின்னக் கமெராவால் இரண்டு பாதத்தையும் படம் எடுத்து, கலரில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். விரல்கள் எல்லாம் கடும் நீலம். வலது பெருவிரலுக்குக் கீழே, பாதத்தின் மேட்டில் மட்டும் ஒரு மஞ்சளும் சிவப்புமான திட்டு.

“ஐயா, விரலுக்கு இரத்தமே வரல்ல. எண்பது வீதம் அடைப்பு. இந்தச் சிவப்பு இடத்தில மட்டும்தான் ஓட்டம் நல்லா இருக்கு. இப்படியே விட்டா மூணு மாசத்தில கால எடுக்க வேண்டி வரும்.”

இதைக் கேட்ட பெரியம்மா அங்கேயே அழுதுவிட்டார். அதற்கப்புறம் பெக்கேஜ் விற்பது பெரிய வேலையா? சூட்டுப் பெட்டி ஒன்று, அதற்குள் காலை வைக்க வேண்டும். மூலிகை மாத்திரைப் போத்தல்கள். மண்டபத்தில் வந்து செய்துகொள்ளும் ‘சிகிச்சை’. அத்தோடு ஒரு ஆலோசனை: கிளினிக் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், மெதுவாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை என்று கூப்பிட்ட அன்று நான் கூடப் போனேன். அங்கே நடப்பதைக் கண்ணால் பார்த்தேன். வந்தவுடன் ஒரு படம். பிறகு இருபது நிமிடம் போலக் காலைச் சூட்டுப் பெட்டியில் வைத்து, உடனே இன்னொரு படம். முன்பு நீலமாக இருந்த விரல் இப்போது செக்கச் சிவப்பு. “பாருங்க, அடைப்புக் கரையுது.” சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள், இரண்டு பேர் அந்த இடத்திலேயே காசு கட்டினார்கள். அடுப்படியில் அரை மணி நேரம் காலை நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே சிவப்புத்தான் வரும். படத்தில் எத்தனை பாகை என்று காட்டும் அளவுக்கோடு எங்கே என்று கேட்டேன். அது டொக்டர்மாருக்கு மட்டும் தெரியும் என்றார்கள். டொக்டர் யார் என்று கேட்டேன். கொழும்பில் இருக்கிறாராம்.

அளவுக்கோட்டை ஏன் கேட்டேன் என்றால், வெப்பக் கமெராவில் நிறத்துக்கென்று நிலையான அர்த்தம் கிடையாது. படத்துக்குள் இருப்பதில் குளிரானதை நீலமாகவும் சூடானதைச் சிவப்பாகவும் அதுவே பிரித்துக் காட்டும். எந்தப் பாகையிலிருந்து எந்தப் பாகை வரை என்பதை மாற்றினால் அதே கால் வேறு நிறத்தில் வரும். தவிர, மருத்துவத் தேவைக்கு இப்படிப் படம் எடுப்பதென்றால் ஒரே சீரான சூடுள்ள அறையில், காலைத் துடைத்து, சப்பாத்து மேஸ் இல்லாமல் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்துத்தான் எடுப்பார்கள். நம் ஊர்க் குளிரில் ஈரக்காலோடு நிற்பவரை எடுத்தால் இருபது வயதுப் பையனுக்கும் விரல் நீலமாகத்தான் தெரியும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காலையில் எடுத்தால் ஊரே அடைப்பு நோயாளிதான்!

இன்னொரு பக்கமும் உண்டு. சீனியால் நரம்பு கெட்டுப்போனவர்களுக்குத் தோலடி இரத்தக் குழாய்களின் கட்டுப்பாடும் குழம்பிவிடும். அதனால் பெரிய குழாயில் அடைப்பு இருக்கும்போதே பாதம் தொட்டால் கதகதப்பாக இருக்கலாம். ஆக, குளிர்ந்தால் அடைப்பு, சூடானால் நல்ல ஓட்டம் என்ற கணக்கு இரண்டு பக்கமும் தப்பு.

வீட்டில் பெட்டியைப் போட்டுக் காலை வைத்துக்கொண்டிருந்ததில் பெரியப்பாவின் குதிகாலில் பெரிய கொப்புளம். அவருக்குத் தெரியவே இல்லை. பெரியம்மா கால் கழுவிவிடும்போதுதான் கண்டார். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு சுடுநீர்ப் போத்தல், ஹீட்டர், இந்த மாதிரிப் பெட்டி எதுவும் ஆகாது என்று கிளினிக்கில் எப்போதும் சொல்வதுதான். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அது மறந்துபோகிறது.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டொக்டர் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, வலது பெருவிரலுக்குக் கீழே இருந்த தடித்த காய்ப்பை அழுத்தினார். பிறகு அதைச் சீவினார். உள்ளே புண். நான் அந்தக் கலர்ப் படத்தை எடுத்துக் காட்டினேன். அந்தச் சிவப்புத் திட்டில் விரலை வைத்து, “இதைத்தான் அவர்கள் பார்த்திருக்க வேண்டும்” என்றார்.

விஷயம் இதுதான். சீனிக்காரரின் கால் சூட்டை அளப்பதற்கு உண்மையிலேயே ஒரு பயன் இருக்கிறது. இரண்டு காலிலும் அதே இடத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்று மற்றதைவிட 2.2 பாகை செல்சியசுக்கு மேல் தொடர்ந்து சூடாக இருந்தால், உள்ளே அழற்சி, புண் வரப் பார்க்கிறது என்று எச்சரிக்கையாக எடுப்பார்கள். படத்தில் நிஜமான ஆபத்து அந்தச் சிவப்பில் இருந்தது. அதைக் காட்டித்தான் ‘ஓட்டம் நல்லா இருக்கு’ என்றார்கள். படம் பொய் இல்லை, வாசித்தவர்கள்தான் தலைகீழாக வாசித்தார்கள்.

சரி, இரத்த ஓட்டத்தை எப்படித்தான் பார்ப்பது? அன்று ஆஸ்பத்திரியில் முதலில் விரலால்தான் பார்த்தார்கள். பாதத்தின் மேல்பக்கம் ஒரு நாடி, உள் கணுக்காலுக்குப் பின்னால் ஒரு நாடி. பிறகு நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்த்தார்கள். அப்புறம் கையடக்க டொப்ளர்: ஜெல் பூசி, பேனை போன்ற கருவியைச் சாய்த்து வைத்தால் இரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். அதை வைத்துக் கணுக்கால் பிரஷரை எடுத்து, கைப் பிரஷரால் பிரிக்கிறார்கள். 0.9க்குக் கீழே வந்தால் குழாயில் அடைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரியப்பாவுக்கு வலது காலில் 1.46 வந்தது. கூடுதலாக வந்தால் நல்லதுதானே என்று பெரியம்மா சந்தோஷப்பட்டார். அப்படி இல்லையாம். நீண்டகாலச் சீனியில் குழாய்ச் சுவரில் கல்சியம் படிந்து இறுகிவிடும், பிரஷர் பட்டியால் அழுத்தினாலும் நசுங்காது, அதனால் எண் பொய்யாக ஏறும். 1.4க்கு மேல் வந்தால் அந்த எண்ணை நம்பாமல் பெருவிரலில் சின்னப் பட்டி கட்டிப் பார்க்க வேண்டும். விரல் குழாய் அந்த அளவுக்கு இறுகுவதில்லை.

அதற்குக் கண்டிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் ஆடி அசைந்து தேசிய வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். பெருவிரல் பிரஷர் 62, கை 138. பிரித்தால் 0.45. 0.7க்குக் கீழே என்றால் ஓட்டம் குறைவு. ஆனால் விரல் பிரஷர் 30க்குக் கீழே இறங்கினால்தான் புண் ஆறுவது மிகக் கஷ்டம், அந்தக் கட்டத்தில் அவர் இல்லை. பிறகு டூப்ளெக்ஸ் ஸ்கேன். அல்ட்ராசவுண்டுதான், ஊசியும் இல்லை, கதிரும் இல்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கக் குழாய் ஒடுங்கியிருக்கிறது, பின்பக்கக் குழாயில் ஓட்டம் பரவாயில்லை என்று எழுதினார்கள். அந்தத் திரையிலும் சிவப்பு, நீலம் தெரியும். பெரியம்மா நீலத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே நிறம் காட்டுவது இரத்தம் கருவியை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பதை மட்டும். சிவப்பு நல்லது, நீலம் கெட்டது என்று ஒன்றுமில்லை.

குழாய்களை மருந்து ஏற்றிப் படம் எடுக்கும் சீட்டி அஞ்சியோகிராம் இப்போது வேண்டாம் என்றார்கள். பலூன் போடவோ பைபாஸ் செய்யவோ முடிவெடுத்தால்தான் அது. அந்த மருந்தை ஊசியில் ஏற்ற வேண்டும், கிட்னிக்குப் பாரம், முதலில் கிட்னி எப்படி என்று இரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். இப்போதைக்குப் புண்ணைச் சுத்தம் செய்து, அந்த இடத்தில் பாரம் விழாதபடி செருப்புக்கு ஏற்பாடு செய்து, குறைத்திருந்த மாத்திரையைத் திரும்பப் பழையபடி போடச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் காலை எடுக்கும் கதையை அங்கே ஒருவரும் பேசவில்லை. ஸ்கேன், மருந்து எதற்கும் அரச ஆஸ்பத்திரியில் ஒரு சதம் கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மண்டபத்துப் பிள்ளைகள் நல்ல தமிழில், ‘ஐயா’ போட்டு, காலைத் தொட்டுப் பேசினார்கள். கிளினிக்கில் விடியக்காலையில் நம்பர் எடுத்து, சிங்களத்தில் சொல்வதைப் பாதி விளங்கிப் பாதி விளங்காமல் தலையாட்டிவிட்டு வருகிறவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்கு விளங்குகிறது. வியாபாரம் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. கிளினிக் நாளில் வீட்டில் சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போனால் பாதி வேலை முடிந்தது. பாதத்தைப் பார்க்கச் சொல்லி நீங்களாகவே கேளுங்கள், சப்பாத்தைக் கழற்றிக் காட்டுங்கள்.

காசைத் திருப்பிக் கேட்டேன். ஐயா மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்றார்கள். பில்லில் ‘சுகாதார உபகரணம்’ என்று ஒரு வரிதான், பதிவு இலக்கம் இல்லை. தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிந்திருக்க வேண்டும். டொக்டர் என்றால் மருத்துவ சபைப் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். இரண்டையும் கேட்டதிலிருந்து போன் எடுப்பதில்லை. நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். உங்களிடமும் அப்படி ஒரு பில் இருந்தால் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள், பெட்டியையும் வீசாதீர்கள்.

அதே நோட்டீஸ் இப்போது பெயர் மட்டும் மாறி பண்டாரவளைப் பக்கம் ஒட்டியிருப்பதாக ஒரு தோழி படம் அனுப்பினார். இரண்டு பாதம், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி, எங்கள் நோட்டீஸிலும் இருந்தது: வரும்போது பழைய கிளினிக் கொப்பி கொண்டுவரத் தேவையில்லை.