மீடியாலைவுக்கு வீடியோ அனுப்ப எது சரி: ஆர்டிஎம்பியா, எஸ்ஆர்டியா, எம்பி4 கோப்பா?

அமேசானின் நேரலை வீடியோ சேவையான எலிமென்டல் மீடியாலைவில் சேனல் தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: வீடியோ எந்த வழியாக உள்ளே வரப்போகிறது? உள்ளீட்டு வகைகள் நிறைய இருந்தாலும், சிறிய குழுக்கள் யோசிக்க வேண்டியவை இந்த மூன்று நான்குதான்.

முதலில் ஆர்டிஎம்பி புஷ்: நேரலை வீடியோவை நம் பக்கத்திலிருந்து மீடியாலைவுக்குத் தள்ளும் நெறிமுறை. ஃப்ளாஷ் காலத்துச் சரக்கு. ஃப்ளாஷ் பிளேயருக்கு 2020 டிசம்பர் 31-ல் அடோபி மூடுவிழா நடத்திவிட்டது. ஆனாலும் அனுப்பும் பக்கத்தில் ஆர்டிஎம்பி அசையவில்லை. ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருள் முதல் கைக்கடக்கமான என்கோடர் (வீடியோவைச் சுருக்கி அனுப்பும் கருவி) வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. மீடியாலைவ் தரும் முகவரி 1935 போர்ட், ஆப் பெயர், இன்ஸ்டன்ஸ் பெயர் என்று ஒரே வரியில் வரும். ஓபிஎஸ்ஸில் இன்ஸ்டன்ஸ் பெயரை மட்டும் ஸ்ட்ரீம் கீ பெட்டியில் போட வேண்டும், மீதி சர்வர் பெட்டிக்கு. புதிதாக வருபவர்கள் முழு வரியையும் சர்வரில் ஒட்டிவிட்டு முழிப்பது இங்கேதான்.

இன்னொரு சிக்கல், எந்த ஐபி முகவரியிலிருந்து அனுப்பலாம் என்று மீடியாலைவின் பாதுகாப்புக் குழுவில் (அனுமதிப் பட்டியலில்) முன்பே பதிய வேண்டும். நிகழ்ச்சி மண்டபத்தில் மொபைல் இணைய டாங்கிளை மாற்றினால் ஐபியும் மாறும், இணைப்பு மறுக்கப்படும். சிலர் சலித்துப்போய் எல்லா ஐபிக்கும் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அது வேண்டாம், முகவரி தெரிந்த எவரும் உங்கள் சேனலுக்குள் வீடியோ தள்ளலாம்.

ஆர்டிஎம்பியின் உண்மையான பலவீனம், அது ஓடும் டிசிபி: எல்லாவற்றையும் வரிசை தவறாமல் சேர்க்கும் இணைய வழி. ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தால் பின்னால் வருவதெல்லாம் காத்து நிற்கும். எஸ்ஆர்டி அப்படியில்லை. ஹைவிஷன் உருவாக்கி 2017-ல் திறந்த மூலமாக வெளியிட்ட இது, வரிசைக்காகக் காத்து நிற்காத யுடிபியில் ஓடுகிறது. தொலைந்த பாக்கெட்டை மட்டும், நாம் குறித்த தாமத நேரத்துக்குள், திரும்பக் கேட்கும். இயல்பான தாமதம் 120 மில்லிவினாடி. மொபைல் இணையத்துக்கு அது போதாது. பாக்கெட் போய்வரும் நேரத்தைப் போல நான்கு மடங்கு வையுங்கள்: 60 மில்லிவினாடி என்றால் 240. ஏஇஎஸ் குறியாக்கமும் உண்டு.

நெட்வொர்க் சுமாரான இடத்துக்கு என் ஓட்டு எஸ்ஆர்டிக்கே. ஆனால் எஸ்ஆர்டியில் காலர் வகையைத் தேர்ந்தால் மீடியாலைவ்தான் உங்கள் என்கோடரைத் தேடி வரும். டாங்கிளுக்குப் பின்னால் இருக்கும் கருவியை அது எட்ட முடியாது. நடுவில் அமேசானின் இன்னொரு சேவையான மீடியாகனெக்ட் வைத்தால் தீரும், அதற்குத் தனி பில்.

சிசிடிவி கேமரா வீடியோ தரும் ஆர்டிஎஸ்பி நெறிமுறையை மீடியாலைவ் நேரடியாக வாங்காது. ஒரு சிறிய கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி ஆர்டிஎம்பியாக மாற்றுங்கள். கேமராவை எச்.264 வீடியோ வடிவத்துக்கு மாற்றிவிட்டால் வீடியோவை மறுபடி என்கோடு செய்யாமல் அப்படியே அனுப்பலாம், ஆடியோ ஜி.711 வடிவில் இருந்தால் அதை மட்டும் ஏஏசி வடிவுக்கு ஆக்க வேண்டும்.

எச்எல்எஸ் புல் (சிறு துண்டுகளாக இணையத்தில் இருக்கும் வீடியோவை மீடியாலைவே இழுத்துக்கொள்வது), ஏற்கெனவே ஓடும் நேரலையை மறுஒளிபரப்பு செய்ய மட்டும். தாமதம் கூடும்.

கடைசியாக எம்பி4 கோப்பு. இது நேரலையே இல்லையே என்று ஒதுக்காதீர்கள். அமேசானின் கோப்புக் கிடங்கான எஸ்3-இல் ஒரு 'சற்று நேரத்தில் தொடரும்' கோப்பை வைத்து, இரண்டாவது உள்ளீடாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமரா இணைப்பு போனால் மீடியாலைவின் அட்டவணையில் இந்தக் கோப்புக்கு உடனடி மாற்றம் கொடுத்தால் போதும். கோப்பு முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் லூப் (திரும்பத் திரும்ப ஓடு) என்று தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருமுறை ஓடி முடிந்ததும் கறுப்புத் திரைதான்.