கோவிஷீல்டா, கோவேக்சினா: எங்கள் வீட்டு இரண்டு ஊசிகளும் ஸ்பைக் புரதமும்

2021 ஏப்ரலில் கொரோனா தடுப்பூசி விஷயத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அம்மாவுக்கு அப்போது 71 வயது, சர்க்கரையும் உண்டு. மதுரையில் நானும் அம்மாவும் கோவிஷீல்டு போட்டுக்கொண்டோம். சென்னையில் அண்ணன் கோவேக்சின். "எங்க ஊசி முழு வைரஸையும் உடம்புக்குக் காட்டுது. உங்களது வைரஸ் மேல நீட்டிக்கிட்டிருக்கிற ஸ்பைக் புரதம் ஒண்ணை மட்டும்தானே காட்டுது?" என்று போனில் அண்ணன் கேட்டது இன்றும் நினைவிருக்கிறது. இதே கேள்வியை இப்போதும் பலர் கேட்கிறார்கள். நான் கோவிஷீல்டு பக்கம் சாய்ந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடர்கிறேன்.

தெரிந்த சங்கதிகளை வேகமாகத் தாண்டிவிடலாம். இரண்டுக்கும் இந்தியாவில் அனுமதி கிடைத்தது 2021 ஜனவரி 3 அன்று. இரண்டையும் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்தால் போதும். கோவிஷீல்டு போட்ட அன்று ராத்திரி அம்மாவுக்கு நல்ல காய்ச்சல். பாராசிட்டமால், கஞ்சி, மறுநாள் மாலையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணனுக்குக் கை வலி மட்டும். வெளிநாடு போனவர்களுக்கு அப்போது கோவிஷீல்டு வசதி: உலக சுகாதார நிறுவனம் அதை 2021 பிப்ரவரியிலேயே ஏற்றது, கோவேக்சினை நவம்பரில்தான் ஏற்றது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: உடம்பு ஸ்பைக்கை எந்தக் கோலத்தில் பார்க்கிறது என்பது.

வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் ஒவ்வொன்றும் மூன்று இழை சேர்ந்த கொத்து. ஓர் இழையில் 1273 அமினோ அமிலங்கள். கொத்தின் நுனி நம் செல்லின் ஏசிஇ2 ஏற்பியைப் பற்றுகிறது. பற்றியதும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நம்முடைய நொதியே ஸ்பைக்கை ஓரிடத்தில் வெட்டிக் கொடுக்கிறது. அவ்வளவுதான், வைத்திருந்த எலிப்பொறி அடித்த மாதிரி ஸ்பைக் விடுபட்டு நீள்கிறது, செல்லுக்குள் குத்துகிறது, பிறகு மடிந்து வைரஸின் உறையையும் செல்லின் உறையையும் ஒன்றாக ஒட்டிவிடுகிறது. அடித்து முடிந்த பொறிக்கும் அடிக்கக் காத்திருக்கும் பொறிக்கும் உருவமே வேறு. தொற்றைத் தடுக்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புரதங்களான ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை காத்திருக்கும் உருவத்தைத்தான் பிடிக்கின்றன. அதனால் ஊசியும் அந்த உருவத்தைக் காட்டியாக வேண்டும்.

ஃபைசர், மாடர்னா ஊசிகளில் பொறி அடித்துவிடாமல் இருக்க ஸ்பைக்கில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, அந்த இடத்தில் புரோலின் என்ற வேறு அமினோ அமிலத்தை வைத்தார்கள். கோவிஷீல்டில் அந்த மாற்றம் கிடையாது. வைரஸில் உள்ள ஸ்பைக்கின் மரபுக்குறிப்பை அப்படியே ஒரு சிம்பன்சி அடினோவைரஸில் (உடம்பில் பெருகாதபடி மாற்றிய சளி வைரஸ் வகை) ஏற்றி அனுப்பினார்கள். இது ஒரு குறைதானே என்று எனக்கும் உறுத்தியது. ஆனால் அந்த ஊசி செலுத்திய செல்களை ஆராய்ந்தபோது, அவற்றின் மேல்பரப்பில் காத்திருக்கும் உருவத்திலேயே ஸ்பைக்குகள் முளைத்திருந்தன. நம் செல்லே புதிதாகச் செய்து, வைரஸில் இருப்பது போன்ற சர்க்கரை மூலக்கூறுப் பூச்சோடு நிறுத்திக் காட்டுகிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

கோவேக்சின் வேறு வழி. புனேயில் தனிப்படுத்திய வைரஸை வளர்த்து, பீட்டா புரோபியோலாக்டோன் என்ற ரசாயனத்தால் செயலிழக்கச் செய்கிறார்கள். இதே ரசாயனத்தால் செயலிழக்கச் செய்த கொரோனா வைரஸை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த ஓர் ஆய்வில், பெரும்பாலான ஸ்பைக்குகள் அடித்து முடிந்த பொறியாக இருந்தன. அது கோவேக்சின் குப்பியில் எடுத்த படம் அல்ல, அதனால் கோவேக்சினும் அப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் படத்தைப் பார்த்தபின் சந்தேகம் மட்டும் போகவில்லை.

முழு வைரஸ் என்றால் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதமும் சேர்ந்து வரும். ஆனால் அது வைரஸின் உறைக்குள் ஒளிந்திருப்பது. அதற்கு எதிரான ஆன்டிபாடி எவ்வளவு இருந்தாலும், செல்லின் வாசலில் நிற்கும் வைரஸை அதனால் தொட முடியாது. தொற்றிய செல்களைத் தேடி அழிக்க உதவும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களுக்கு அது உதவலாம். அண்ணன் கட்சிக்கு அந்த அளவு நியாயம் உண்டு. இந்தியச் சுகாதாரப் பணியாளர்கள் 515 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டு டோஸுக்குப் பின் கோவிஷீல்டு போட்டவர்களில் 98.1 சதவீதம் பேருக்கும் கோவேக்சின் போட்டவர்களில் 80 சதவீதம் பேருக்கும் ஸ்பைக் ஆன்டிபாடி தெரிந்தது. ஆன்டிபாடி மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. கோவேக்சினின் மூன்றாம் கட்டச் சோதனையில் 77.8 சதவீதப் பலன் கிடைத்தது, அது குறைந்த எண் இல்லை.

கோவிஷீல்டின் கறையை மறைக்கக் கூடாது. அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறைந்தன, சிலர் இறந்தார்கள். ஐரோப்பாவில் இதே ஊசி அஸ்ட்ராஜெனகா பெயரில் போடப்பட்டது; டென்மார்க்கும் நார்வேயும் அதையே நிறுத்தின. பிரிட்டன் 40 வயதுக்குக் கீழ் இருந்தவர்களுக்கு வேறு ஊசியைப் பரிந்துரைத்தது. ஆய்வாளர்கள் இதில் சந்தேகப்படுவது முக்கியமாக ஸ்பைக்கை அல்ல, அதைச் சுமந்து வந்த அடினோவைரஸை. அம்மாவின் வயதில் கொரோனா பயம் இதைவிடப் பல மடங்கு பெரியது. 22 வயதுப் பிள்ளைக்காக யோசித்திருந்தால் இதே முடிவை எடுத்திருப்பேனா? சொல்லத் தெரியவில்லை.

2021 செப்டம்பரில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தோம். அம்மாவின் தாளில் ஸ்பைக் ஆன்டிபாடி இருந்தது, நியூக்ளியோகேப்சிட் ஆன்டிபாடி இல்லை. அப்படியென்றால் அந்த ஆன்டிபாடி ஊசியால் வந்தது, நோயால் அல்ல என்று ஓரளவு நம்பலாம். அண்ணன் தாளில் இரண்டும் இருந்தன. ஊசியிலேயே இரண்டு புரதமும் இருப்பதால், மே மாதம் அவருக்கு வந்த இருமல் கொரோனாதானா என்பது கடைசிவரை தெரியவில்லை.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தது. ஸ்பைக்கில் மட்டும் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள். இரண்டு கட்சிக்காரர்களும் படுத்தோம், மூன்றே நாளில் எழுந்தோம். அந்த ஆகஸ்டில் வேறு ஊசியையும் மூன்றாவது டோஸாகப் போடலாம் என்று அனுமதித்ததும், அண்ணன் போய்ப் போட்டுக்கொண்டது கோர்பேவாக்ஸ். ஈஸ்டில் வளர்த்தெடுத்த, ஏசிஇ2-வைப் பற்றும் அந்த ஸ்பைக் நுனி மட்டும்தான் அதில் இருக்கிறது.