ஆளில்லாத் தீவில் ஓர் இரவு: கூடாரமா, ஹேமக்கா?

கடல் நடுவே, கடையோ வீடோ இல்லாத ஒரு வெப்பமண்டலத் தீவில் ஓர் இரவு தங்கப் போகிறீர்கள். எதில் படுப்பது? நான் பல காலம் கூடாரத்தோடு போய்க்கொண்டிருந்துவிட்டு, இப்போது இரண்டு மரங்களுக்கு இடையே கட்டித் தொங்கவிடும் துணிப்படுக்கையான ஹேமக், அதைச் சுற்றி ஒரு கொசுவலை, மேலே ஒரு தார்ப்பாய் என்று மாறிவிட்டேன். கட்டுவதற்கு மரம் இருக்கும் தீவென்றால் இனி கூடாரத்தைத் தூக்கப் போவதில்லை. ஆகவே இதை நடுநிலை அலசலாகப் படிக்க வேண்டாம். ஆனால் கூடாரம்தான் சரி என்று நானே சொல்லும் இடங்களும் உண்டு, அவையும் பின்னால் வருகின்றன.

எல்லோரும் பேசும் விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒருவருக்கான ஹேமக், வலை, தார்ப்பாய், மரத்தில் கட்டும் நாடாப் பட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரும். இருவர் படுக்கும் கூடாரம் இரண்டு முதல் மூன்று கிலோ. இரண்டு பேர் போனால் ஹேமக் இரண்டு வேண்டுமே, அப்போது கணக்கு கூடாரத்தின் பக்கம் சாயும். புழுக்கத்தைப் பொறுத்தவரை ஹேமக்குக்குப் போட்டியே இல்லை, முதுகுக்குக் கீழேயும் காற்று ஓடும். உள்கூடு முழுக்க வலையாக இருக்கும் கூடாரம் ஓரளவு தாங்கும், மழை வந்து மேல்விரிப்பை இறக்கி மூடியதும் உள்ளே வேக ஆரம்பித்துவிடும். உடை மாற்ற மறைவு, பைகளை உள்ளே வைத்துக்கொள்ளும் வசதி, இரண்டு பேர் உட்கார்ந்து பேச இடம் எல்லாம் கூடாரத்தில்தான். குப்புறப் படுத்தே தூங்கிப் பழகியவர்களுக்கு ஹேமக் ஒத்துவராது. மற்றவர்கள் நீளவாக்கில் படுக்காமல் குறுக்குச் சாய்வாகப் படுத்தால் முதுகு கிட்டத்தட்ட நேராகவே இருக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இதை மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மலையிலோ காட்டிலோ கூடாரம் போட்டுப் பழகியவர்களுக்குக் கடல் தீவு அந்தப் பொருளை என்ன செய்யும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு வந்து கரையில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் படியும். தண்ணீரில் நனைய வேண்டும் என்பதே இல்லை. ஒரு மாலை முழுக்கக் கரையோரம் நின்ற கூடாரத்தை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். வெப்பமண்டலக் கரைகளில் இரவின் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். அதனால் உப்பேறிய துணி பகலில் காய்ந்ததுபோல் தெரியும், இருட்டியதும் பிசுபிசுக்கும். ஊருக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாலும், காற்றில் ஈரம் ஏறும் ஒவ்வொரு முறையும் அது தண்ணீரைக் குடிக்கும். "ஒரே ஓர் இரவுதானே" என்று பலர் நினைக்கிறார்கள். உப்பு அந்த ஓர் இரவில் ஏறிவிடுகிறது, கழுவி எடுக்கும்வரை இறங்குவதில்லை.

இப்போது கூடாரத்தின் பாகங்களைப் பாருங்கள். தரைவிரிப்பும் மேல்விரிப்பும் பெரும்பாலும் நீர் புகாமலிருக்கப் பாலியூரித்தேன் பூசிய துணி. ஈரமும் சூடும் நீண்ட நேரம் சேர்ந்திருந்தால் அந்தப் பூச்சு சிதையும். முதலில் ஒரு புளித்த வாடை வரும், அப்புறம் விரிக்கும்போது துணியோடு துணி ஒட்டும், கடைசியில் பூச்சு செதில் செதிலாக உரியும். அதன் பிறகு அது மழைக்கு ஆகாது. சிலிக்கோன் பூசிய துணிக்கு இந்தக் கோளாறு வராது, ஆனால் அப்படித் தரை முதல் கூரை வரை சிலிக்கோன் துணியிலேயே தைத்த கூடாரங்கள் குறைவு.

அடுத்தது ஜிப். கூடாரத்தின் கதவு ஜிப் தரையை ஒட்டித்தான் வளைகிறது. மணல் கிடப்பதும் அங்கேயேதான். ஜிப்பின் பல் நைலான், அதற்கு உப்பால் பெரிய கெடுதல் இல்லை. பல்லின் மேல் ஓடி ஜிப்பை மூடித் திறக்கும் ரன்னர் உலோகம். ஒரு பக்கம் உப்பு அரிக்கும், மறுபக்கம் மணல் உள்ளே புகுந்து தேய்க்கும். தேய்ந்த ரன்னர் ஓடும், ஆனால் பின்னாலேயே பல் பிரிந்து வாயைத் திறந்துகொண்டே வரும். குறட்டால் ரன்னரை இரு பக்கமும் லேசாக நெருக்கினால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். எண்ணெய் விட்டால் முதல் அரை மணி நேரம் வழுக்கிக்கொண்டு ஓடும், அப்புறம் அதே எண்ணெயில் மணல் ஒட்டி முன்னைவிட மோசமாகும். கொசு மொய்க்கும் தீவில் நடுராத்திரி கதவு மூடாமல் போவது சின்ன விஷயம் இல்லை.

கம்புகளும் உண்டு. அலுமினியக் கம்புகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இடத்தில் உப்பு தங்கி, பூத்து, இறுகிக்கொள்ளும். பைபர் கம்பு அரிக்காது, வெடித்துச் சிராய் கிளம்பும்.

இதெல்லாம் கழுவினால் தீரும் என்பது உண்மைதான். சிக்கல் கழுவும் நேரத்தில் இருக்கிறது. தீவிலிருந்து படகு கிளம்புவது நம் வசதிக்கு அல்ல, ஓதத்தின், அதாவது கடல் ஏறி இறங்கும் நேரத்தின் வசதிக்கு. விடியற்காலைப் பனி கூடாரத்தின் மேல் சொட்டிக்கொண்டிருக்கும்போதே சுருட்ட வேண்டிவரும். ஈரம், உப்பு, மணல் மூன்றையும் ஒன்றாகச் சுருட்டி, வெயிலில் படகின் அடியில் போட்டு எடுத்து வருகிறோம். பூச்சு சிதைய இதைவிட நல்ல சூழல் வேறு வேண்டாம். வந்ததும் மேல்விரிப்பு, உள்கூடு, தரை, கம்பு, முளை எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். மடிப்புத் தையல்களின் உள்ளே ஈரம் போக ஒரு நாள் ஆகிவிடும். துவைக்கும் இயந்திரத்தில் போடவும் கூடாது. களைத்து வந்த இரவில் இதைச் செய்ய மனம் வருமா? நான் பார்த்தவரை பெரும்பாலோர் தள்ளிப்போடுகிறார்கள். கூடாரம் பாழாவது அந்தத் தள்ளிப்போட்ட நாட்களில்தான்.

ஹேமக் தொகுப்பில் கெடுவதற்கு என்ன இருக்கிறது? படுக்கும் துணி பூச்சே இல்லாத நைலான் அல்லது பாலியெஸ்டர், ஒரு வாளித் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டால் சீக்கிரமே காய்ந்துவிடும். தார்ப்பாய் ஒரே விரிப்பு, மடிப்போ மூலையோ அதிகம் இல்லை. அதையும் சிலிக்கோன் பூச்சில் எடுத்துக்கொள்ளலாம், அப்படிக் கிடைப்பது எளிது. வலையில்தான் தேர்வு முக்கியம். ஹேமக்கோடு சேர்த்துத் தைத்து ஜிப் வைத்த வலைகள் இருக்கின்றன, நான் அவற்றைத் தவிர்க்கிறேன். உறைபோல ஹேமக்கை முழுக்க மூடி, அடியில் சுருக்குக் கயிற்றால் திறந்து நுழையும் வலை ஒன்று உண்டு. அதில் ஜிப்பே கிடையாது. இன்னொரு நன்மையும் இருக்கிறது: முதுகு அழுந்தும் மெல்லிய துணி வழியாகக் கொசு அடியிலிருந்து கடிக்கும், உறைவலை உடம்பிலிருந்து தள்ளித் தொங்குவதால் அதுவும் தடுக்கப்படுகிறது. கண் நெருக்கமான வலையாகப் பார்த்து வாங்குங்கள். கடற்கரையில் கடிக்கும் பொடிப்பூச்சிகள் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளம்தான், சாதாரணக் கொசுவலையின் கண்ணில் அவை தாராளமாக நுழையும்.

ஹேமக்கிலும் பார்க்க வேண்டிய இடம் உண்டு. மரத்தைச் சுற்றும் பட்டையின் நெசவுக்குள் மணலும் உப்பும் ஆழமாக இறங்கும். மேலோட்டமாக அலசினால் போகாது, ஊறவைக்க வேண்டும். மணல் உள்ளிருந்தே நூலை அறுக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் கட்டுவதற்கு முன் பட்டையை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பார்க்கிறேன். எஃகுக் கொக்கிகளைக் கழற்றிவிட்டுக் கயிற்றுக் கண்ணிகளை மாட்டிக்கொண்டால் துருவுக்கும் வேலை இல்லை. கடும் வெயிலில் பகல் முழுக்கக் கட்டியே வைத்திருந்தால் நைலான் வலுவிழக்கும், மாலையில் கட்டினால் போதும்.

கட்டும் முறையில் ஒரு விஷயம் மட்டும். இறுக்கி நேராகக் கட்டினால் நல்ல படுக்கை என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி. 70 கிலோ எடையுள்ளவர் படுத்திருக்கும்போது பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு மரத்தின் மேலும் ஏறக்குறைய 70 கிலோ இழுவை. அதையே 10 டிகிரிக்கு இறுக்கினால் 200 கிலோ. பட்டை அறுவதும் மெல்லிய மரம் சாய்வதும் அப்படித்தான். நான்கைந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு மரம், தாராளமான தொய்வு, உட்கார்ந்தால் கால் தரையில் பதியும் உயரம். போதும்.

எந்த மரம் என்பது அதைவிட முக்கியம். தென்னை கை நீட்டிக் கூப்பிடும், போகாதீர்கள். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள காயும் காய்ந்த மட்டையும் சொல்லிக்கொண்டு விழுவதில்லை. தென்னைக்குக் கீழே கூடாரம் போடுவதும் அதே ஆபத்துதான். கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும் புன்னை, பூவரசு, தடித்த சவுக்கு போன்றவை எனக்குப் பிடித்தவை. கட்டும் முன் அண்ணாந்து பார்த்துப் பட்ட கிளை தொங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கரிபியன் பக்கத் தீவுகளில் மாஞ்சினீல் என்றொரு மரம் கடற்கரையிலேயே வளர்கிறது. அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும், மழையில் அதன் கீழ் நிற்பதே ஆபத்து. பெயர் தெரியாத மரத்தின் இலையை ஒடித்துப் பார்க்கும் பழக்கத்தைத் தீவில் விட்டுவிடுவது நல்லது.

உள்ளே தள்ளிக் கட்டுவதில் வேறு லாபங்களும் சேர்கின்றன. மரக்கூரையின் கீழ் பனி குறைவாகவே இறங்கும், தெறிப்பு உப்பும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் வழக்கத்தைவிட மேலே ஏறும், கூடாரக்காரர்கள் கடல் ஒதுக்கிவிட்டுப் போன சருகுக் கோட்டைத் தேடி அதற்கும் மேலே இடம் பார்க்க வேண்டும். அந்த மேல்மணல்தான் ஆமைகள் முட்டையிட ஏறி வரும் இடமும். அதை அவற்றுக்கு விட்டுக்கொடுப்பதில் எனக்கு மனநிறைவு உண்டு. விளக்கையும் அந்தப் பக்கம் அடிக்காமல் இருக்க வேண்டும், முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து வழிதவறிப் போகும். நிலநண்டுகளின் கொடுக்கில் சிக்காத உயரத்தில் படுத்திருப்பதும் ஒரு நிம்மதி. கூடாரத்துக்குள் உணவு வாசம் இருந்தால் நண்டும் எலியும் தரைவிரிப்பைக் குடையத் தயங்காது.

கூடாரம் ஜெயிக்கும் இடங்களுக்கு வருகிறேன். மரமே இல்லாத மணல்திட்டு என்றால் பேச்சே இல்லை, கூடாரம்தான். தாழையும் புதரும் மட்டும் உள்ள பவளத்தீவுகளும் இந்தக் கணக்கில் வரும். சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் கூடாரமே சரி, அவர்கள் பக்கத்தில் படுக்க வேண்டும், இரவில் கைக்கெட்ட வேண்டும். இடிமழைக் காலத்தில் தனித்து உயர்ந்த மரங்களுக்கு இடையே தொங்குவது புத்திசாலித்தனம் இல்லை, ஆனால் மின்னலுக்குக் கூடாரமும் பாதுகாப்புத் தராது. பக்கவாட்டில் அடிக்கும் மழையை மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் தாழக் கட்டிச் சமாளித்திருக்கிறேன். இரவு முழுக்க நிற்காமல் வீசிய பெருங்காற்றில் ஹேமக்கில் இருந்த அனுபவம் எனக்கில்லை, ஆகவே அங்கே எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு முன்னறிவிப்பு இருந்தால் நான் படகே ஏறுவதில்லை.

கையில் ஏற்கெனவே நல்ல கூடாரம் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சாதாரண முளை மணலில் நிற்காது. சிறு பைகளில் மணலை நிரப்பி, கயிறு கட்டி முழங்கை ஆழத்தில் புதைத்தால் அசையாது. வாசலில் ஒரு துணியை விரித்து, காலைத் தட்டிவிட்டு நுழையுங்கள், ஜிப்பின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. குடிநீருக்கு மேல் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் மிஞ்சினால், சுருட்டும் முன் ரன்னர்களையும் கம்பு மூட்டுகளையும் அதில் கழுவிவிடலாம். ஊர் வந்த அன்றே மொத்தத்தையும் அலச வேண்டும், முடியாவிட்டால் பைக்குள் விடாமல் விரித்தாவது போட வேண்டும். பூச்சு ஏற்கெனவே ஒட்டத் தொடங்கியிருந்தால் எவ்வளவு கழுவினாலும் அது திரும்பாது. அந்தக் கூடாரத்தை மழை எதிர்பார்க்காத இடத்துக்கு வைத்துக்கொண்டு, தீவுக்குத் தார்ப்பாயோடு கிளம்புங்கள்.