4225 ஹெர்ட்ஸ் யாருக்குத் தேவை? பேட்டர்ன் புரொஜெக்டர் கண்ட்ரோலர்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பம்ப் கேசிங் மேல் கறுப்பு வெள்ளைக் கோடுகளை விழ வைத்து, அந்தக் கோடு எங்கே எப்படி வளைகிறது என்பதைக் கேமராவில் பிடித்தால் மேற்பரப்பின் மேடு பள்ளத்தை மில்லிமீட்டர் சுத்தமாகக் கணக்கிட்டுவிடலாம். ஸ்ட்ரக்சர்டு லைட் என்று இதற்குப் பெயர். கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கத்துப் பட்டறைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும் என்று நம்புகிறவன் நான். வார்த்த காஸ்டிங்கை லேத்தில் ஏற்றிய பிறகு "இந்த இடத்தில் மெட்டீரியல் பத்தவில்லை" என்று தெரிவதைவிட, ஏற்றும் முன்பே தெரிவது எத்தனையோ மேல்.

கோடு வீசும் புரொஜெக்டருக்கு எந்தக் கண்ட்ரோலர், அதை எந்த முறையில் ஓட்டுவது என்பதில்தான் குழப்பம். களத்தில் இருப்பவை பெரும்பாலும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎல்பி (நுண்கண்ணாடிகளால் ஒளியைத் திருப்பும் முறை) சிப்கள். டிஎல்பிசி350, டிஎல்பிசி900, டிஎல்பிசி410 மூன்றையும் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மூர் காஸ்டிங் பரிசோதனைக்கு டிஎல்பிசி350 போதும். அதையும் ஒரு பிட் பேட்டர்னில், ஃபிளாஷ் மெமரியிலிருந்து ஓட்டுங்கள். ஆனால் அதற்கான காரணம் டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் போட்டிருக்கும் வேகம் அல்ல.

இந்தப் புரொஜெக்டர்களின் உயிர் நுண்கண்ணாடிச் சில்லு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கியது. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு குட்டிக் கண்ணாடி. அது ஒரு பக்கம் 12 டிகிரி சாய்ந்தால் வெளிச்சம் லென்ஸுக்குப் போகும், மறுபக்கம் சாய்ந்தால் போகாது. நடுநிலை கிடையாது. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் கண்ணாடியைப் படபடவென்று மாற்றி, நேரத்தைக் கூறு போட்டுத்தான் உண்டாக்க வேண்டும். ஒரு பிட் பேட்டர்ன் என்றால் வெறும் கறுப்பு வெள்ளை, ஒரே சாய்வில் வேலை முடிந்தது. எட்டு பிட் பேட்டர்ன் என்றால் 256 சாயல், அதற்கு எட்டுத் தட்டுகளை (ஒவ்வொரு தட்டும் ஒரு பிட் கறுப்பு வெள்ளைப் படம்) வெவ்வேறு நேர அளவுக்குக் காட்ட வேண்டும்.

டிஎல்பிசி350-இல் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிது. ஒரு பிட் பேட்டர்னை 235 மைக்ரோ செகண்டில் காட்டிவிடலாம். நொடிக்கு 4225 என்ற எண் இங்கிருந்துதான் வருகிறது. எட்டு பிட்டுக்கு 8333 மைக்ரோ செகண்ட் வேண்டும், அதாவது நொடிக்கு 120.

பவுண்டரிக்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அப்ப நொடிக்கு நாலாயிரம் படம் எடுத்துப் போடலாமுங்களா?" என்றார். "புரொஜெக்டர் காட்டுமுங்க, கேமரா எடுக்கோணுமில்லீங்க" என்றேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலத்தில் 912 பிக்சல் உள்ள சில்லுக்கு 10 கிரே கோடு (Gray code: ஒவ்வொரு பிக்சல் வரிசைக்கும் தனிக் கறுப்பு வெள்ளைக் குறியீடு தரும் முறை) படங்கள் வேண்டும். நுணுக்கத்துக்கு 4 ஃபேஸ் ஷிஃப்ட் படங்கள் (சைன் அலை போல மங்கித் தெளியும் கோடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியவை). மொத்தம் 14. புரொஜெக்டர் முழு வேகத்தில் ஓடினால் இது 3.3 மில்லி செகண்டில் முடியும். கன்வேயர் நொடிக்கு 100 மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அதற்குள் காஸ்டிங் 0.33 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். கேட்க இனிக்கிறது. ஆனால் பட்டறை பட்ஜெட்டுக்குள் வரும் யுஎஸ்பி 3 குளோபல் ஷட்டர் (படம் முழுவதையும் ஒரே கணத்தில் எடுக்கும்) கேமரா நொடிக்கு 160 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 படத்துக்கு 87.5 மில்லி செகண்ட். காஸ்டிங் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், அளவு எதற்கும் உதவாது.

அதே 14 படங்களில் நான்கை எட்டு பிட்டாக வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக 8333 மைக்ரோ செகண்ட் கொடுத்தால் 117 மில்லி செகண்ட் ஆகும். 4225-க்கும் 120-க்கும் முப்பத்தைந்து மடங்கு வித்தியாசம் என்று பார்த்தோமே, கேமரா உள்ளே வந்ததும் அது 30 மில்லி செகண்டாகச் சுருங்கிவிட்டது. எப்படியும் கன்வேயரை ஒரு கணம் நிறுத்தியாக வேண்டும். நிறுத்துங்கள். கேசிங்கை ஒரு நொடியில் பத்திலொரு பங்கு நிறுத்தி அளப்பதால் எந்த உற்பத்தியும் குறைந்துவிடாது.

அப்படியானால் ஒரு பிட் எதற்கு? இரண்டு காரணம். முதலாவது, எட்டு பிட் படத்தில் கேமரா முழு 8333 மைக்ரோ செகண்டும் திறந்திருந்தாக வேண்டும். எட்டுத் தட்டில் ஒன்று விடுபட்டாலும் சாம்பல் நிறம் பொய்யாகிவிடும். பளபளவென்று மெஷின் செய்த முகத்தைப் படம் பிடிக்கும்போது எக்ஸ்போஷரைக் குறைத்தே ஆக வேண்டும். எட்டு பிட்டில் அந்தச் சுதந்திரம் இல்லை, லென்ஸ் அப்பர்ச்சரைத்தான் திருக வேண்டும். ஒரு பிட் படத்தில் கண்ணாடி சாய்ந்த சாய்வு அப்படியே நிற்கும். 6 மில்லி செகண்ட் காட்டுகிற படத்தில் கேமரா 1 மில்லி செகண்ட் மட்டும் திறந்தாலும் சரியே. கறுத்த, மணல் ஒட்டிய காஸ்டிங்குக்கு நீளமாகவும், மெஷின் செய்த முகத்துக்குக் குறுக்கியும், ஒரே பேட்டர்னில் இரண்டு தடவை எடுத்துச் சேர்க்கலாம். பவுண்டரி வேலையில் இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

இரண்டாவது காரணம், வெளிச்சத்தின் நேர்மை. எட்டு பிட்டில் 128 என்று கொடுத்தால் 255-இன் பாதி வெளிச்சம் வர வேண்டும். எங்காவது காமா திருத்தம் (கண்ணுக்கு ஏற்றபடி வெளிச்ச அளவை வளைப்பது) நுழைந்துவிட்டால் சைன் அலை கோணலாகி, மட்டமான மேற்பரப்பில்கூட அலையலையாகப் பிழை தெரியும். ஒரு பிட்டில் நடுச்சாயலே இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை. கறுப்பு வெள்ளைக் கோடுகளை லென்ஸில் லேசாக ஃபோகஸ் விலக்கி வைத்தால் ஓரங்கள் மழுங்கி, கிட்டத்தட்ட சைன் அலை தானாகவே கிடைத்துவிடும். இதற்கும் ஓர் எல்லை உண்டு: கோடு அகலமாக இருந்தால் போதுமான அளவு மழுங்காது, பொருளின் ஆழம் அதிகமானால் முன்னே ஒரு மாதிரியும் பின்னே ஒரு மாதிரியும் மழுங்கும். ஆழமான வால்யூட் (சுருள் வடிவ நீர்ப்பாதை) உள்ள கேசிங்கில் நான் ஃபோகஸ் விலக்குவதை நம்ப மாட்டேன். சுத்தமான கிரே கோடையும் அதன் தலைகீழ்ப் படத்தையும் வைத்தே வேலையை முடிப்பேன்.

அடுத்தது, பேட்டர்ன் எங்கிருந்து வர வேண்டும்: ஃபிளாஷா, வீடியோ கேபிளா?

வீடியோ முறையில் எச்டிஎம்ஐ வழியாக வரும் 24 பிட் கலர் படத்தின் ஒவ்வொரு பிட்டும் தனித்தனி கறுப்பு வெள்ளை பேட்டர்ன். நொடிக்கு 120 ஃபிரேம் என்றால் 2880 பேட்டர்ன், சாதாரண 60 ஃபிரேமில் 1440. கம்ப்யூட்டரில் பேட்டர்னை மாற்றினால் உடனே திரையில் மாறும். சோதனை நாட்களில் இதற்கு ஈடே இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் உங்கள் படத்தை அழகுபடுத்த நினைத்தால் எல்லாம் கெட்டது. கிராஃபிக்ஸ் டிரைவர் டித்தரிங் (சாயலை மெருகேற்ற எண்ணை லேசாக மாற்றுவது) செய்து நீலத்தின் கடைசி பிட்டை ஒரு எண் கூட்டிவிட்டால், அந்த பிட்டில் இருக்கும் பேட்டர்ன் முழுக்கப் புள்ளி விழும். எண் 127-இலிருந்து 128-க்குத் தாவினால் எட்டு பிட்டும் தலைகீழாகிவிடும். திரை அளவு சரியாக 912-க்கு 1140, ஸ்கேலிங் 100 சதவீதம், நைட் லைட், கலர் புரொஃபைல் எல்லாம் அணைத்தது, படம் ஜேபெக் அல்லாமல் பிஎன்ஜி அல்லது பிட்மேப் என்று அத்தனையும் சரியாக இருக்க வேண்டும். ராத்திரி ஒரு விண்டோஸ் அப்டேட் வந்து இதில் ஒன்றை மாற்றினால், காலை ஷிஃப்ட்டில் நல்ல காஸ்டிங்கெல்லாம் ரிஜெக்ட் ஆகும். உற்பத்தி லைனில் இதை வைக்கவே கூடாது என்பேன்.

ஃபிளாஷ் முறையில் படங்களைச் சிப்பின் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்குள்ளேயே சேர்த்து ஏற்றிவிடுகிறோம். ஒரு கோடு மாற்ற வேண்டுமென்றாலும் திரும்ப ஏற்ற வேண்டும், பொறுமை வேண்டும். ஏற்றியபின் கம்ப்யூட்டர் தயவு தேவையில்லை. கவனிக்க வேண்டிய எண் 48. சிப்பின் உள் பஃபர் இரண்டு 24 பிட் படங்களைத்தான் தாங்கும், அதாவது 48 தட்டுகள். அதற்குள் அடங்கினால் தடையில்லாமல் முழு வேகம். தாண்டினால் நடுவில் ஃபிளாஷிலிருந்து படத்தை ஏற்றும் நேரம் குறுக்கிடும், பேட்டர்ன் வேகம் பேச்சே எடுபடாது. நமது 14 படங்களும், கிரே கோடுக்குத் தலைகீழ்ப் படங்கள் சேர்த்து 24 ஆனாலும், உள்ளே அடங்கிவிடும். தலைகீழ்ப் படத்துக்குத் தனித் தட்டே வேண்டாம். எந்தப் பேட்டர்ன் எப்போது என்று சொல்லும் பட்டியலான லுக் அப் டேபிளில் அந்த வரிக்கு இன்வெர்ட் பிட்டைப் போட்டால் அதே தட்டு தலைகீழாகக் காட்டும்.

டேபிளை அமைக்கும்போது பலரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. எக்ஸ்போஷர் என்பது பேட்டர்ன் தெரியும் நேரம். பீரியட் என்பது அடுத்த பேட்டர்ன் தொடங்கும்வரை உள்ள நேரம். இரண்டும் சமமாக இருக்கலாம். சமமில்லை என்றால் இடைவெளி குறைந்தது 230 மைக்ரோ செகண்ட் இருக்க வேண்டும், கண்ணாடிகள் எல்லாம் கறுப்புக்குத் திரும்ப அந்த நேரம் தேவை. 160 ஃபிரேம் கேமராவுக்குப் பீரியட் 6250 மைக்ரோ செகண்ட். எக்ஸ்போஷர் 6000 கொடுத்தால் ஓடும். "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கட்டும்" என்று 6100 கொடுத்தால் டேபிளைச் சரிபார்க்கும் வேலிடேட் கட்டளை பிழை காட்டும். அதனால் டேபிளை எழுதி முடித்ததும் வேலிடேட் கொடுத்து, திரும்பி வரும் பிட்களைப் படித்த பிறகே ஸ்டார்ட் கொடுங்கள். ஒரே எல்இடியைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இதே டேபிளில்தான். நான் நீலத்தைச் சொல்வேன்: கேமராவில் அதற்கேற்ற ஃபில்டர் மாட்டினால் பட்டறையின் டியூப் லைட்டும் ஜன்னல் வெயிலும் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும்.

டிஎல்பிசி900 எங்கே உயர்கிறது? டிஎல்பி6500 சில்லுடன் சேரும்போது 1920-க்கு 1080 பிக்சல், ஒரு பிட்டில் நொடிக்கு 9523 பேட்டர்ன், எட்டு பிட்டில் 247. யுஎஸ்பி வழியாக நேரே மெமரிக்கு 400 ஒரு பிட் பேட்டர்ன்வரை ஏற்றலாம், ஃபிளாஷைத் தொட வேண்டாம். வீடியோ முறையின் எளிமையும் ஃபிளாஷ் முறையின் உறுதியும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் இதுதான். இன்னொரு நல்ல விஷயம், இதில் கண்ணாடிகள் சாதாரண சதுரக் கட்டமாக வரிசையாக நிற்கின்றன. டிஎல்பிசி350-உடன் வரும் டிஎல்பி4500-இல் அவை வைர வடிவத்தில் மாறி மாறி அமைந்திருப்பதால், ஒரு பிக்சல் அகல நேர்கோடு ரம்பப் பல் மாதிரி விழும். குறை என்னவென்றால், இதன் சோதனை போர்டில் லென்ஸும் எல்இடியும் கிடையாது. லைட் என்ஜினைத் தனியாக வாங்க வேண்டும் அல்லது வடிவமைக்க வேண்டும். டிஎல்பிசி350-இன் சோதனை போர்டான லைட்கிராஃப்டர் 4500 மூன்று எல்இடியும் லென்ஸும் சேர்ந்தே வருகிறது.

டிஎல்பிசி410 வேறு உலகம். டிஎல்பி7000 சில்லுடன் நொடிக்கு 32,552 பேட்டர்ன். ஆனால் பேட்டர்ன் டேபிள், ட்ரிக்கர் (கேமராவைப் படம் எடுக்கச் சொல்லும் சிக்னல்) எதுவும் தயாராக இருக்காது; எஃப்பிஜிஏ (தேவைக்கேற்ப உள்சுற்றை அமைத்துக்கொள்ளும் சிப்) எழுதத் தெரிந்தவர் கூடவே வேண்டும். ஆராய்ச்சிக் கூடத்துக்கு உகந்தது, பவுண்டரிக்கு வேண்டாம்.

ஆபீஸ் புரொஜெக்டரைக் கொண்டுவந்து சமாளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சுழலும் கலர் சக்கரமும், அணைக்க முடியாத காமாவும், கேமராவுக்கு ட்ரிக்கர் இல்லாததும் சேர்ந்து முதல் வாரத்திலேயே சலிப்பூட்டிவிடும்.

திருப்பூர்க்காரர்கள் ஓடுகிற பின்னல் துணியின் மேடு பள்ளத்தைப் பார்க்க நினைத்தால் என் தேர்வு மாறும். துணியை நிறுத்த முடியாது, ஆனால் துணி வெளிச்சத்தை நன்றாகப் பரப்பும், பளபளப்பு இல்லை. அங்கே வேகமான கேமராவுக்கு முதலில் பணம் ஒதுக்கி, அந்தக் கேமரா நொடிக்கு நாலாயிரம் படத்தைத் தாண்டும்போதுதான் டிஎல்பிசி900-ஐப் பற்றி யோசிக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் வயர் மாட்டும் முன் ஒன்றைப் பாருங்கள். கன்வேயரில் இருக்கும் பிராக்சிமிட்டி சென்சார் 24 வோல்ட் தரும். புரொஜெக்டர் போர்டின் ட்ரிக்கர் இன்புட் 3.3 வோல்ட்டுக்கு உள்ளது. நடுவில் ஒரு ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி இரண்டு பக்க மின்சாரத்தையும் பிரித்து வைக்கும் உறுப்பு) வையுங்கள்.