ரஷ்யக் கணிதக் கட்டுரை தேடுவோருக்கு: மாத்-நெட்

மாஸ்கோ ஸ்டெக்லோவ் கணித நிறுவனம் நடத்தும் மாத்-நெட் தளத்தைச் சில மாதங்களாகப் பயன்படுத்துகிறேன், ஒரு வார்த்தையில் சொன்னால், பொக்கிஷம். 1866-இல் தொடங்கிய 'மத்தமத்தீச்செஸ்கி ஸ்போர்னிக்' முதல் பல ரஷ்ய இதழ்களின் பழைய கட்டுரைகள் ஒரே இடத்தில் இருக்கின்றன. நான் தேடிப் போனது சோவியத் கணிதர் கோல்மகோரவின் தேற்றத்துக்கு (சிறு தொந்தரவு வந்தாலும் ஒழுங்கான இயக்கங்கள் பெரும்பாலும் நிலைக்கும் என்பது) அவர் மாணவர் அர்னோல்த் எழுதிய 1963-ஆம் ஆண்டு நிரூபணம். 'உஸ்பேகி' இதழில் வந்த அதன் ரஷ்ய மூலம் காசில்லாமல் கிடைத்தது, ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேறொரு பதிப்பகத்தின் கட்டணச் சுவருக்குப் பின்னால்! ரஷ்யன் தெரிந்தவனுக்கு இலவசம், தெரியாதவனுக்குத் தண்டம், அவ்வளவுதான்.

தளத்துக்கு ஆங்கில முகப்பு உண்டு, ஆசிரியர் பெயரை ஆங்கில எழுத்திலேயே தேடலாம். கட்டுரையைத் திறந்தால் சிரிலிக் என்ற ரஷ்ய எழுத்துதான்.

சரி, செயலியில் போட்டு மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினால் ஒரே கூத்து. இயற்கணிதத்தில் 'கோல்ட்சோ' என்றால் வளையம் என்ற அமைப்பு, அது மோதிரமாகி விடுகிறது. 'தேலோ' என்றால் ஒருவகை இயற்கணித அமைப்பு, அது 'உடல்' ஆகிவிடுகிறது. சிரிலிக் எழுத்தோடு ஒரு ஐம்பது கலைச்சொற்களையும் கற்றுக்கொண்டால் மீதியைச் சூத்திரங்களே சொல்லிவிடும், நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

இன்றைய ஆய்வுக்கு மட்டும் என்றால் ரஷ்யன் அவ்வளவு தேவைப்படாது. ரஷ்யக் கணிதர் பெரெல்மானே 2002-இல் பாங்கரே கணிப்பு என்ற புகழ்பெற்ற கணிதப் புதிர் பற்றிய கட்டுரையை ஆங்கிலத்தில்தானே போட்டார். பழைய சோவியத் கணிதம் வேண்டுமா, நேரே இங்கே போங்கள்.