'ரன்' என்ற ஒரே சொல்லை வைத்து மூன்று ஆங்கில அகராதிகளுக்குச் சோதனை

அகராதியைச் சோதிக்க வாயில் நுழையாத சொல்லைத் தேடிப் பயனில்லை. அந்த மாதிரிச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான், எந்த அகராதியும் தேறிவிடும். 'ரன்' போன்ற சின்னச் சொல்லில்தான் சாயம் வெளுக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய வரலாற்று அகராதி இந்த ஒரு வினைச்சொல்லுக்கு 645 பொருள்கள் பிரித்திருக்கிறது. ஆங்கிலம் கற்பவருக்கான அகராதி அதில் எதை விடுகிறது, மிச்சத்தைச் சட்டென்று கண்ணில் படும்படி வைக்கிறதா என்பதே கேள்வி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் லாங்மேன், காலின்ஸ் கோபில்ட், ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் மூன்றையும் இப்படிப் பார்க்கலாம்.

லாங்மேன்தான் முதலில் திறக்க வேண்டியது. ஒவ்வொரு பொருளின் முன்னாலும் ஓரிரு சொல்லில் ஒரு தலைப்பு இருக்கும்: பஸ்/ரயில், எந்திரம், தேர்தல், மூக்கு, சாயம் என்கிற மாதிரி. முழுதாகப் படிக்காமல் தலைப்புகளை மட்டும் மேய்ந்து போகலாம். விளக்கங்களும் சுமார் 2,000 எளிய சொற்களை மட்டுமே வைத்து எழுதப்பட்டவை.

தமிழருக்கு இந்தத் தலைப்புகள் இன்னொரு வகையிலும் உதவும். எந்திரம் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, படம் ஓடுகிறது என்று நம் 'ஓடு' பாதி தூரம் கூடவே வருகிறது. அப்புறம் கைவிட்டுவிடுகிறது. 'ஹிஸ் நோஸ் இஸ் ரன்னிங்' என்றால் மூக்கு ஒழுகுகிறது. 'தி கலர்ஸ் ரேன்' என்றால் சாயம் போய்விட்டது. 'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் பள்ளி நடத்துகிறார். 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. தேர்தலில் அமெரிக்கர் 'ரன்' செய்வார், பிரிட்டிஷ்காரர் 'ஸ்டேண்ட்' செய்வார். இந்த விஷயத்தில் நாம் பிரிட்டிஷ் கட்சி, நிற்கத்தான் செய்கிறோம். 'ஓடு, நடத்து, ஒழுகு, பாய்' என்று காற்புள்ளி போட்டு அடுக்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் பார்த்து இதில் எதையும் பிடிக்க முடியாது.

லாங்மேனில் பலர் கவனிக்காத ஒன்று, சொற்றொடர் நடுவே வரும் இருபக்க அம்புக்குறி. அது இருந்தால் செயப்படுபொருள் இடம் மாறலாம் என்று பொருள். பில் தொகையை ஏறவிடுவதைச் சொல்ல 'ரன் அப் எ பில்', 'ரன் எ பில் அப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்' போட்டால் நடுவில்தான் வரவேண்டும்: 'ரன் இட் அப்'. அம்புக்குறி இல்லாத 'ரன் இன்டு' பிரியவே பிரியாது. 'ஐ ரேன் ஹிம் இன்டு' என்று எழுதுவது இந்தக் குறியைப் பார்க்காததால் வரும் பிழை.

கோபில்ட் முழு வாக்கியத்தில் விளக்கும் அகராதி. 1987-இல் முதல் பதிப்பு வந்ததிலிருந்து அதுதான் அதன் முத்திரை. நீங்கள் ஒருவரை 'ரன் இன்டு' செய்தால் அவரை எதிர்பாராமல் சந்திக்கிறீர்கள் என்று சொல்லும். யார் செய்வது, யாரைச் செய்வது என்பது விளக்கத்திலேயே வந்துவிடுகிறது. 'ரன் அவுட்'டில் இதன் அருமை தெரியும். சர்க்கரை தீர்ந்தது என்றால் 'தி சுகர் ரேன் அவுட்'. நம்மிடம் சர்க்கரை தீர்ந்தது என்றால் 'வி ரேன் அவுட் ஆஃப் சுகர்'. 'ஆஃப்' எப்போது சேரும் என்று தடுமாறுபவர் இங்கே வரலாம். ஆனால் பொருள் தேட இது லாயக்கில்லை. வழிகாட்டும் தலைப்பு கிடையாது, வினையும் பெயரும் ஒரே வரிசையில் கலந்து கிடக்கும், விரல் வலிக்கத் தள்ள வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸிலும் சிறு தலைப்புகள் உண்டு, உச்சரிப்பு ஒலி பிரிட்டிஷ், அமெரிக்க இரண்டிலும் உண்டு. 'ரன், ரேன், ரன்' என்று மூன்றாம் வடிவம் மறுபடி 'ரன்' ஆவதும் மேலேயே தெரியும். 'ஐ ஹேவ் ரேன்' என்று எழுதுபவர்கள் அதைப் பார்த்தாலே போதும். சிக்கல் மரபுத்தொடர்களில். 'ரன்' பக்கத்தில் 'ரன் ரயட்' (கட்டுக்கடங்காமல் போவது) தேடினால் கிடைக்காது. பெரும்பாலான தொடர்கள் அவற்றில் உள்ள பெயர்ச்சொல் அல்லது பெயரடையின் கீழ் இருப்பதாக ஒரு சின்னக் குறிப்பு மட்டும் இருக்கும். அதைத் தவறவிட்டவர் அகராதியில் இல்லை என்றே முடிவுகட்டிவிடுவார். ஆகவே இங்கே தேடல் பெட்டியில் வினையை விட்டுவிட்டு 'ரயட்' என்று தட்டுங்கள்.